குட்டைக்குத் தொடை மட்டம்

எங்கள் ஊர்ச் சின்ன ஏரியைத் தாங்கல் என்போம், அதற்குள் பதினேழு இடங்களுக்குப் பெயர் இருக்கிறது. மேட்டுவாய், கொக்குத்திட்டு, அல்லிப்பள்ளம், இரட்டைக்கல், நாவல்மடு, மதகுக்குழி என்று போகும். கடைசிப் பெயர் குட்டை. தாங்கலுக்குக் கரை போடுவதற்கு முன்னால் அந்த மூலையில் மாடு குளிப்பாட்டும் குட்டை ஒன்று இருந்ததாம். கரை போட்டதும் தண்ணீர் ஏறி அதை மூடிக்கொண்டது. பெயர் மட்டும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் காலுக்குத் தெரிந்துவிடும். குட்டை என்றால் மாடு படுக்கும், பிள்ளை நிற்கும். பள்ளம் என்றால் இடுப்பைத் தொடும். மடு என்றால் ஒதுங்கிப் போக வேண்டும். கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போனபோது பாறை இடுக்கில் ஊறுவதைக் காட்டிச் சுனை என்றார்கள். ஒரு கை அள்ளிக் குடிக்கிற ஆழம். கச்சிராயபாளையம் தாண்டினால் அணை. அதில் யாரும் கால் வைப்பதில்லை. எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். பெயரை நம்பித்தான் தண்ணீரில் இறங்குகிறோம்.

பங்குனி கடைசியில் தாங்கலை அழிப்பார்கள். அழிப்பது என்றால் மீன் பிடித்து முடிப்பது. குத்தகை கிடையாது, மீன் ஊருக்குப் பொது. மதகுக் கல்லில் கோடு போட்டிருக்கும். தண்ணீர் மூன்றாம் கோட்டுக்கு இறங்கும் நாள்தான் அழிப்பு. அதனால் ஒவ்வொரு இடத்தின் ஆழமும் வருஷத்துக்கு வருஷம் மாறாது. அன்றைக்கு ஒருவன் மதகின் மேல் நின்று பெயரைக் கூப்பிட்டு ஆழம் சொல்ல வேண்டும். "கொக்குத்திட்டு, முட்டி" என்பான். கரையில் நிற்கும் ஜனம் "முட்டி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் இறங்கும். கூப்பிடாத இடத்தில் இறங்கக் கூடாது. சொல்லுகிறவன் தோள் துண்டை எடுத்து வீசினால் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

முப்பது வருஷம் ஆதிமூலம் என்பவர் சொன்னார். அவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டு பேச்சு குழறியபோது, எழுதத் தெரிந்தவன் என்று என்னை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். அதிலிருந்து சொல்லுகிறவன் நான்தான். நான் அப்போதுதான் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்று முடித்திருந்தேன், நாற்பத்தொன்பது வயதில். கரும்பு வெட்டுகிற கை என்பதால் எழுத்து பெரிசு பெரிசாக விழும். ஒரு பக்கத்துக்கு மூன்று பெயர்தான் கொண்டது. கடைசிப் பக்கத்தில் கடைசியாக இருப்பது: குட்டை, தொடை.

அது இப்போது பொய். பொய் என்று ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். தோண்டவைத்த வெங்கடேசனைச் சேர்த்தால் மூன்று.

போன வருஷம் கோடையில் தாங்கல் காய்ந்து கிடந்தபோது வண்டல் அள்ள வெங்கடேசன் அனுமதி வாங்கினார். எங்கள் தெருவுக்கே கரும்பு வெட்டும் வேலை கொடுப்பவர் அவர்தான். அனுமதி மேட்டுவாய்க்கு, ஓரடி. அதை ஊரே பார்த்தது. கணுக்கால் மட்டமாக இருந்த மேட்டுவாய் முட்டி ஆனதும் நானே நோட்டில் திருத்தினேன். ஆனால் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்த பத்து நாள், ஊர் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கியது. அந்தப் பத்துப் பகலும் பொக்லைன் குட்டையில் நின்றது. அங்கே வண்டலுக்கு அடியில், மேடு நிரப்ப விலை போகிற நல்ல சவுடு மண். முன்னால் கருவேலம் புதர் மறைப்பு. நான் கீழே நின்று கல் பொறுக்கிப் போட்டேன். எங்கள் தெரு ராசு டிராக்டர் ஓட்டினான். பொக்லைன் ஓட்டியவன் வெளியூர்க்காரன். கடைசி நாள் சுவர் இரண்டு பக்கமும் செங்குத்தாக நின்றது, ஏறி வர வழியில்லை. பொக்லைன் பக்கெட்டுக்குள் நிற்கவைத்துத்தான் என்னை மேலே தூக்கினார்கள். அண்ணாந்து பார்த்தபோது வானம் ஒரு களத்து மேட்டு அளவுதான் இருந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் மூன்று பேர் நின்றாலும் மேலே இருப்பவன் கை விளிம்பைத் தொடாது.

அன்று சாயங்காலம் கரைமேல் இருக்கும் அய்யனார் முன்னால் என்னையும் ராசுவையும் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார் வெங்கடேசன்.

"குட்டையோட ஆழத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லி அமத்துங்கடா. சொன்னா உங்க வூட்ல ஒரு உசுரு போவணும்."

ராசு சொல்லிவிட்டு உள்ளங்கையால் கற்பூரச் சுடரை அமத்தினான். என் வீட்டில் இருப்பது நானும் என் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளும்தான். பெண்ணைத் திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். 'வூட்ல ஒரு உசுரு' என்று என் வாய் சொன்னபோதே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அமத்தினேன். சூடு கையில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் கோடைமழை அடித்துக் குழி நிறைந்தது. அப்புறம் பெருமழை. தாங்கல் நிரம்பித் தளதளவென்று ஆகிவிட்டது.

எப்படியும் ஒரு கோடையில் முழுசாக வற்றிவிடும், குழியை எல்லாரும் அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள், நான் சொன்னதாக ஆகாது என்று காத்திருந்தேன். அது வற்றவில்லை. மூன்றாம் கோட்டில் நின்றது. வெள்ளிக்கிழமை அழிப்பு என்று தண்டோரா போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொளஞ்சி பழைய சேலை ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் சேலையில்தான் மீன் அரிப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு நுனி. பெரிய மீன் முட்டினால் கைநழுவிப் போகாமலிருக்க நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிந்துகொள்வார்கள்.

"நீ இன்னிக்கி எறங்காத" என்றேன்.

"ஏன், எனக்கு இன்னா கேடு?"

"சளி புடிச்சிருக்குது."

"சளிக்கு வெரால் கொழம்பு வச்சி ஊத்துனா தன்னால போவும். நீ மதகு மேல கவர்னராட்டம் நிப்ப. நானும் கரையில குந்திக்கினா கொழம்புக்கு உன் நோட்டையா கரைக்கறது?"

வாசலில் நின்ற எழில்மதி சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. கொளஞ்சிக்கு ஜோடி அவள்தான்.

"அத்த, மாமாவுக்கு நம்ம மேல பொறாம" என்றாள்.

தொண்டைவரை வந்தது. கற்பூர வாசனையும் கூடவே வந்தது. சொன்னாலும் இவள், சொல்லாவிட்டாலும் இவள் என்று தோன்றியது. உடனே வாயில் ஒரு பொய் வந்தது.

"எறங்கறதுன்னா எறங்கு. குட்ட பக்கம் மட்டும் போவாத. யாரோ கருவேல முள்ளு வெட்டிப் போட்டுக் கெடக்கு. கால்ல ஏறிடும்."

சேலையை உதறிய கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு எழில்மதியைப் பார்த்தாள்.

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான். நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டுக் கிளம்பினேன்.

கரையில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அடியில்லாத மூங்கில் கூடை வைத்திருந்தவர்கள், கொசுவலை வைத்திருந்தவர்கள், வெறுங்கையோடு வந்தவர்கள். இரண்டு மேளம். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வெங்கடேசன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கிட்டே போனேன்.

"வீரமணி, குட்டைய கூப்புடாத. பதினாறோட முடிச்சுக்க."

"யாராச்சும் கேட்டா மொதலாளி?"

"மறந்துட்டன்னு சொல்லு. எழுத்து கத்துக்கினதே நேத்து, ஒன்ன யாரு கொற சொல்லப் போறான்?" சிரிக்கவில்லை. "கூப்புடாத எடத்துல ஒருத்தனும் எறங்க மாட்டான். உனக்கும் பாவம் இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல."

அவர் சொன்னது சரியென்றே பட்டது. இவ்வளவு எளிசா என்று பாரம் இறங்கியது. மதகில் ஏறி நின்று நோட்டைப் பிரித்தேன். கீழே ராசு நின்றான். நிமிர்ந்து பார்க்காமல், "கூப்புடப் போறியாண்ணே?" என்றான்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றான்.

மேட்டுவாய், முட்டி என்றேன். முட்டி என்றது ஜனம். தண்ணீர் கலங்கியது. கொக்குத்திட்டு, முட்டி. வாய்க்கால்முகம், தொடை. முதல் கெண்டை துள்ளியதும் கூச்சல் எழுந்தது, மேளம் வேகம் பிடித்தது. சின்னதுரை என்கிற ஆள் கூடையைக் கவிழ்த்துக் கையை விட்டுத் துழாவி ஒரு விராலைத் தூக்கிக் காட்டினான். "உன் மாமியாருக்கு குடுத்துடாதடா, அப்புறம் ஊருக்கே போவ மாட்டா" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பத்தாவது பெயர் இரட்டைக்கல். இடுப்பு என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் கொளஞ்சியின் பச்சை ரவிக்கையைத் தேடினேன். இல்லை. அல்லிப்பள்ளம் பக்கம் பார்த்தேன். அங்கே நின்ற பெண்கள் கூட்டத்திலும் இல்லை. எழில்மதியும் இல்லை.

"ராசு, எங்கூட்டுக்காரிய பாத்தியா?"

"பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு தெக்கால போனாங்க. கருவேலம் பொதர சுத்திக்கினு. குட்டையில முள்ளு போட்டு வச்சிருக்குதாமே? கிசுகிசுன்னு பேசிக்கினு போனாங்க. நீதான் கூப்புடலியே, எறங்க மாட்டாங்கன்னு வுட்டுட்டேண்ணே."

முள். எங்கள் ஊரில் தண்ணீருக்குள் முள் வெட்டிப் போடுவது ஒரே காரியத்துக்குத்தான். வலை வீசவிடாமல் தடுத்து மீனைப் பத்திரமாகச் சேர்த்து வைக்க. முள் கிடக்கிற இடத்தில் விரால் அடைந்து கிடக்கும். யாரோ தனக்கென்று மறைத்து வைத்திருக்கிறான், ஆழம் சொல்லுகிறவன் தன் பெண்டாட்டியிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டான், கூப்பிடும் முன் போய் அள்ளிவிட வேண்டும். கொளஞ்சி அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். அப்படியல்லாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? ஐம்பது வருஷம் இந்தத் தாங்கல் கரையில் கிடந்தவன் சொல்லக்கூடிய பொய்யா அது?

துண்டை வீசினேன். தண்ணீருக்குள் நின்றவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மேளம் நிற்கவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் துண்டு தெரியாது.

"இன்னாடா ஆச்சு?" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

"குட்டையில எறங்காதீங்க. யாரும் எறங்காதீங்க."

"ஏன், உன் பொண்டாட்டிக்கு ரிசர்வ் பண்ணி வச்சிக்கினியா?" என்று சின்னதுரை கேட்டான். சிரித்தார்கள். "அதான் அவ மொத ஆளா போய்க்கினு இருக்கா, பாத்தோமே."

நான் மதகிலிருந்து குதித்துக் கரைமேல் ஓடினேன். புளியமரத்தைத் தாண்டும்போது வெங்கடேசன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நிற்கவில்லை. முட்டிகள் நாற்பது வருஷத்து வேலையையெல்லாம் அந்த முந்நூறு தப்படியில் ஞாபகப்படுத்தின. அய்யனாரின் மண்குதிரை வந்ததும் புதர் விலகித் தண்ணீர் தெரிந்தது.

ஏழு பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், முதுகை எனக்குக் காட்டி. தொடை மட்டத் தண்ணீர். தொடை மட்டம்தான், விளிம்புவரை. முன்னால் எழில்மதி, சேலையின் மறு நுனியில் கொளஞ்சி. காலால் தடவித் தடவி முள்ளைத் தேடிக்கொண்டு போனார்கள். விளிம்பு எங்கே என்று எனக்குத் தெரியும். எதிர்க்கரைப் பனைமரமும் குதிரையின் காதும் ஒரே கோட்டில் வரும் இடம். அந்தக் கோட்டுக்கும் எழில்மதிக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம்தான் இருந்தது.

"கொளஞ்சி, நில்லு" என்று கத்தினேன். மேளம் அதை விழுங்கிவிட்டது. தண்ணீரில் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. களிமண் காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. மறுபடி கத்தியபோது அவள் திரும்பினாள். திட்டத்தான் திரும்பினாள், முகத்தில் தெரிந்தது. "மெதுவா கத்துய்யா, ஊரே வந்துடப் போவுது" என்றாள்.

அவள் அதைச் சொல்லி முடிக்கும்போது எழில்மதி இல்லை.

சத்தம் எதுவும் வரவில்லை. நின்ற இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பிறகு சேலை கயிறாக முறுக்கி விறைத்தது. கொளஞ்சியின் கை முன்னால் இழுபட்டது. அவள் குப்புற விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு சுற்றும் முடிச்சும். விட வேண்டும் என்று நினைத்தாலும் விட முடியாது. அவள் தலை கோட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அய்யனாரிடம் நான் வைத்துவிட்டு வந்த உயிரை அவர் எடுத்துக்கொள்கிறார் என்று தோன்றியது. நான் இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றும் தோன்றியது.

பாய்ந்து விழுந்து அவள் கால் இரண்டையும் பிடித்தேன். என் உடம்பும் சேர்ந்து நகர்ந்தது. வாய்க்குள் சேறு போனது. குதிகாலை மண்ணில் குத்தினேன், அது வெண்ணெய் மாதிரி வழிந்தது. பக்கெட் பல் கீறிய விளிம்பு அவள் வயிற்றுக்கு அடியில் இருந்திருக்கும். அப்போது யாரோ என் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்தார்கள். ராசு. என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான். அவனுக்குத்தானே இடம் தெரியும். அவனை மற்றப் பெண்கள் பிடித்தார்கள். ஒருவரையொருவர் இழுத்தோம். சேலை கிழியும் சத்தம் கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓரம் மட்டும்தான் கிழிந்தது. முதலில் ஒரு கை வந்தது, மணிக்கட்டில் முடிச்சோடு. பிறகு தலைமயிர். எழில்மதியைக் கரையில் போட்டுக் குப்புறத் தள்ளி முதுகில் அறைந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தண்ணீராகக் கக்கினாள். இருமினாள். கொளஞ்சியின் மணிக்கட்டு ஊதி நீலமாகிவிட்டது. அந்தக் கையாலேயே எழில்மதியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மேளம் நின்றிருந்தது. முந்நூறு பேரும் கரைமேல் வந்து கூடிவிட்டார்கள்.

"குட்டையில எப்படிடா முழுகுவா?" என்றான் சின்னதுரை. சிரிப்பு இல்லை. "வீரமணிண்ணே, குட்டன்னா தொடதான? இன்னா ஆழம்?"

வெங்கடேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சேத்துல கால் மாட்டிக்கினிருக்கும். பொண்ண ஆஸ்பத்திரிக்கு தூக்குங்க மொதல்ல" என்றார். என்னைப் பார்த்து, அமைதியாக, "அய்யனார் பாத்துக்கினு இருக்கார்டா" என்றார்.

கொளஞ்சி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஈரச் சேலையில் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நடுக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சொன்னால் இவள். சொல்லாவிட்டால் ஊர் மறுபடியும் குட்டையில் இறங்கும். நாளைக்கு ஆடு மேய்க்கிற யாராவது. முடிச்சு அவிழ்க்க முடியாத வேறு இரண்டு பேர்.

தோளில் துண்டு இல்லை. இருந்தாலும் மதகில் சொல்லுகிற குரலிலேயே சொன்னேன்.

"வெங்கடேசன் குழி. மூணு ஆளு."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு ராசு, தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு ஆளு" என்றான். அவன் சொன்ன பிறகு கிழக்குத் தெருக்காரர் ஒருவர் சொன்னார். அப்புறம் சின்னதுரை. பிறகு எல்லாரும், வழக்கப்படி. வெங்கடேசன் வண்டி கிளம்பும் சத்தம் அதற்குள்ளே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொளஞ்சி ஒன்றே ஒன்று கேட்டாள். "எம் பேர வச்சா கற்பூரம் அமத்துன?"

"பேர சொல்லல. வூட்ல ஒரு உசுருன்னுதான்."

"வூட்ல வேற எத்தினி உசுரு இருக்குது?"

அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. கரும்பு வெட்ட எங்கள் தெருவை யாரும் கூப்பிடவில்லை. தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து கயிறு விட்டு அளந்துவிட்டுப் போனார். விளிம்பில் நான்கு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். எழில்மதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

மூன்றாம் நாள் காலையில் கொளஞ்சி நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். "அதுல இன்னா போட்டிருக்குது, படி."

"குட்டை, தொடை."

"அடி அத."

அடித்தேன். கீழே எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கிக்கொண்டது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்புக்குக் கிளம்பினாள். வாசலில் ஒருமுறை இருமினாள். சளிதான். அழிப்புக்கு முன்னாலிருந்தே இருக்கிற சளி.

அடிபம்பு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. அவள் அடிக்கிற சத்தம் இங்கே கேட்கும், கிறீச் கிறீச்சென்று. குடம் நிறைந்தால் நிறுத்துவாள், நின்றுகொண்டு யாரிடமாவது பேசுவாள், அது அவள் பழக்கம். எனக்குத் தெரியும். இருந்தும் சத்தம் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.